கோப்பன்ஹேகனுக்கு ஒரு சரக்குக் கறி

பாரிஸிலிருந்து கோப்பன்ஹேகன் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர். பறப்பு நேரம் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. இதைக் கைப்பேசியில் பார்த்து மனைவிக்கு வாசித்துக் காட்டியபோது, நான்தான் விமானம் ஓட்டப்போவதுபோல எனக்கு ஒரு நினைப்பு.

அங்கே எங்கள் ஒரே மகளுக்குக் குழந்தை பிறந்து ஆறு நாள். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொலைபேசியை எடுத்தால் அழுகை. பிள்ளை பெற்றவர்களுக்கு மிளகு, மல்லி, சீரகம் எல்லாம் வறுத்து அரைத்து வைக்கும் சரக்குக் கறியைத்தான் கேட்டாள். மனைவிக்கோ கண்ணில் சத்திரசிகிச்சை செய்திருந்தது. விமானம் ஏறக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் பாவம், ஒற்றைக் கண்ணோடு நின்று சமைத்தாள். லாசப்பல் தமிழ்க் கடைத்தெருவில் சுறா வாங்கி வந்ததும், கறியைப் பிளாஸ்டிக் பெட்டியில் ஊற்றி உறையவைத்துக் கைப்பையில் வைத்ததும் நான்.

“கல்லு மாதிரி இருக்கு. தண்ணிச் சாமான், விடேலாது எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. கரையிறதுக்குள்ளை நான் அங்கை நிப்பன்,” என்றேன்.

நான் எண்ணியது வானத்தில் பறக்கும் நேரத்தை மட்டும். எங்கே போனாலும் நான்கு மணித்தியாலம் முன்னதாகவே போய்க் குந்தியிருக்கும் என் பழக்கத்தை எண்ணவில்லை. விமான நிலையத்துக்குப் போன ரயில் வேறு நடுவழியில் நின்றது. போய்ச் சேர்ந்தும் உடனே உள்ளே போகாமல், கோப்பி குடித்துக்கொண்டு போகிறவர் வருகிறவரை விடுப்புப் பார்த்திருந்தேன்.

பாதுகாப்புச் சோதனையில் நின்ற பெண் பெட்டியைத் திறந்தாள். கறி தளதளவென்று ஆடியது. பிரெஞ்சில் சண்டை பிடித்தேன், குரலும் உயர்ந்தது. யாருக்கு என்று அவள் மெதுவாகக் கேட்டாள். சொன்னேன். விட முடியாது, மன்னியுங்கள் என்று சொல்லிக் கறியைக் குப்பையில் போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு பையின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மண்நிறத் தூள். மனைவி எனக்குச் சொல்லாமலே வைத்த சரக்குத் தூள் அது. விமான நிலையத்தில் பெயர் தெரியாத தூள்! கறிக்குப் போடுகிற தூள் என்று அவசரமாகச் சொன்னேன். அவள் அதைச் சோதித்து, மணந்து பார்த்து, சிந்தாமலிருக்க இன்னொரு பையில் போட்டுக் கட்டித் தந்தாள். “நீங்களே சமைத்துக் கொடுங்கள்,” என்றாள். அவளிடம் அப்படிக் கத்தியவன் நான். அந்தப் பெண்பிள்ளை நன்றாக இருக்கவேண்டும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

தேநீர்கூட ஒழுங்காகப் போடத் தெரியாதவன் நான். மகளின் வீட்டு வாசலில் காலை வைத்ததும் மருமகன் மீன் வாங்க ஓடினார். கைப்பேசியைச் சுவரில் சாய்த்துவைத்தேன். பாரிஸிலிருந்து மனைவி அதிகாரம் செய்தாள்.

“இஞ்சாருங்கோ, உள்ளிப் பல்லை முழுசாப் போடுங்கோ. சும்மா சும்மா கிண்டாதேங்கோ, மீன் உடைஞ்சுபோம்.”

மீன் உடைந்துதான் போயிற்று. மகள் குழந்தையைத் தோளில் போட்டபடி வந்து ஒரு வாய் வைத்தாள்.

“அம்மான்ரை மாதிரி இல்லையப்பா,” என்றாள். கைப்பேசியில் மனைவி சிரித்தாள்.

மகள் இன்னொரு வாய் சாப்பிட்டாள். பிறகு இன்னொன்று. சட்டென்று குழந்தையை என் பக்கம் நீட்டினாள்.

“பிள்ளையைப் பிடியுங்கோ. நான் வடிவா இருந்து சாப்பிடப்போறன்.”

வந்ததிலிருந்து அடுப்படியிலேயே நின்றதில் நான் அதுவரை குழந்தையைத் தொடவேயில்லை. கையை இரண்டு தரம் கழுவித் துடைத்துவிட்டுப் பேத்தியை வாங்கிக்கொண்டேன்.