இடது முழங்கை மடிப்பு

என் அத்தையும் மாமாவும் ஆள்படம் வரைகிறவர்கள். கழுத்துக்கு மேலே மாமா, கீழே அத்தை. புகைப்படத்தைப் பார்த்து முகத்தை மாமா முடித்துவிட்டால், சட்டையும் சேலையும் அத்தையின் தூரிகைக்கு வரும். ஒரு தையல் நூல் தூக்கி நின்றால் அதுவும் படத்தில் இருக்கும். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கிய என்னை வரைந்தபோது, வாடகை அங்கியின் தோள் சரிந்திருந்ததைக்கூட அவள் விடவில்லை. படம் வாங்க வந்த ஒருவர், "மூஞ்சி யாருதோ தெரியல, சட்டை மட்டும் எங்க அண்ணன்தான்" என்று சொன்னதிலிருந்து, அவர் தலையைக் கண்டாலே மாமா உள்ளே போய்விடுவார்.

போன வருடம் ஓர் அம்மா, விபத்தில் இறந்துபோன மகனின் புகைப்படத்தோடு அவனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையையும் கொண்டுவந்தார். சாவதற்கு முதல் நாள் அவன் கழற்றி மாட்டியது. இடது முழங்கையில் விசிறி போல விழுந்த மடிப்புகள் அப்படியே இருந்தன.

"துவைக்கவே இல்லம்மா. உதறிடாதீங்க. அவன் கை இன்னும் இதுக்குள்ளதான் இருக்கு."

காலர், பொத்தான், வலது கை என்று அத்தை வரைந்தாள். முழங்கையைக் கடைசிக்கு வைத்திருந்தாள். மறுநாள் அவள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மாமா சட்டையை இஸ்திரி போட்டுவிட்டார். நினைவுப் படம் என்றால் உடுப்பு விறைப்பாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

"நல்லதுதானடி பண்ணேன்!"

"நல்லதா? அந்தப் பையனோட கையைத் தேச்சு அழிச்சுட்டு நிக்கிறீங்க."

அன்று மாலையே அந்த அம்மா வருவதாக இருந்தது. அத்தை ஒல்லி, நல்ல உயரம். வேறு வழி தெரியாமல் சட்டைக் கையில் தண்ணீர் தெளித்துத் தானே போட்டுக்கொண்டாள். சன்னலைப் பார்த்து உட்கார்ந்து, இடது கையை இறுக்கி மடக்கிக்கொண்டாள். வண்ணம் படாமலிருக்க முடியைச் சுருட்டித் துணியால் கட்டியிருந்தாள். கதவுப் பக்கம் கிடந்த மேசை, இடுப்புக்குக் கீழே சேலையை மறைத்தது.

பின்னால் கதவு திறந்தது.

"எப்பப்பா வந்தே?"

அந்த அம்மாவின் குரல். அத்தை திரும்பவில்லை. "திரும்பினா அவங்க பிள்ளை இன்னொரு தடவ செத்துப்போயிடுவான்னு தோணிச்சுடா" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

காலடி நெருங்கியது. விரல்கள் முழங்கையைத் தொட்டன. ஈர மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவின. நின்றன.

"இது அவனுது இல்ல."

"இஸ்திரி போட்டாச்சும்மா... மன்னிச்சிருங்க." அத்தையின் கை பொத்தானுக்குப் போனது.

"கழட்டாதீங்க," என்றார் அந்த அம்மா. "இதுக்குள்ள ஆளைப் பாத்து எவ்வளவு நாளாச்சு. இந்தக் கையையே வரைஞ்சிடுங்க."

மடக்கிய இடது கையைப் பார்த்துப் பார்த்து, வலது கையால் அத்தை வரைந்து முடித்தாள்.

அந்த வீட்டுச் சுவரில் இப்போது மாமா போட்ட முகம். சட்டைக்குள் அத்தையின் கை. அந்த அம்மா தினமும் அந்த முழங்கையைத் தடவுகிறாராம். அங்கே மட்டும் வண்ணம் தேய்ந்திருக்கிறதாம்.

அதைக் கேட்டதிலிருந்து, வேலைக்கு நடுவே அத்தை இடது கையைச் சட்டென்று உதறுகிறாள்.

"என்னடி, கொசுவா?" என்பார் மாமா.

"இல்லீங்க. தொடுறாங்க."