அக்காவின் குரலுக்குத் தேவைப்பட்ட ஒரு வரி

சேலத்துத் தனியார் டவுன் பஸ்களில் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் பெட்டிகளை எங்கள் கம்பெனி செய்துகொண்டிருந்தது. குரல், எங்கள் ஆபீசில் போன் எடுக்கும் அக்காவுடையது. திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர்; கணீரென்று பேசுவார். குரலைப் பதிவு செய்த அன்று புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். குரலுக்கு எதற்குச் சேலை என்று கிண்டல் செய்தோம்.

குரலை முழுதாக வைக்கப் பெட்டியின் சின்ன மெமரி சிப்பில் இடம் கிடையாது. ஒலியின் ஒவ்வொரு துணுக்கும் முந்தையதைவிட எவ்வளவு ஏறியது, இறங்கியது என்பதை மட்டும் சுருக்கி, ஒரு பைட்டுக்கு இரண்டாக அடுக்கி வைப்போம். பெட்டி அதைப் பிரித்துக் கூட்டிக்கொண்டே போய் மறுபடி குரலாக்கும். முதலாளி மலிவான போர்டுக்கு மாறினார். அதில், ஒரு பைட்டில் அடுக்கிய அந்த இரண்டும் முன்பின்னாக மாறிப் பிரிந்தன. அக்காவின் குரல் தொண்டை கட்டிய வாத்து மாதிரி வந்தது. பஸ்ஸே சிரித்தது.

காரணத்தை அன்றைக்கே கண்டுபிடித்தேன். நிரலில் ஒரு வரியை மாற்றினால் போதும். முதலாளி விடவில்லை.

"மாத்தாத. வாத்தக் கேக்கறதுக்குன்னே அந்த வண்டிக்கு நிக்கறாங்களாம். மத்த பஸ்காரங்களும் அதையேதான் கேக்கறாங்க."

பக்கத்து மேசையில் இருந்த அக்கா, "ஏனுங்க, தெனமும் நான் அந்த பஸ்ஸுலதானுங்க வாரேன்" என்றார்.

"பாரு, வாத்து பேசுது" என்றார் முதலாளி. மனுசனா அந்த ஆள்?

அக்கா வரும் பஸ்ஸின் பெட்டியில் மட்டும், யாரிடமும் சொல்லாமல், திருத்திய நிரலை ஏற்றினேன். மறுநாள் காலை நானும் அதில் ஏறினேன். "அடுத்த நிறுத்தம் சூரமங்கலம்" என்று அக்காவின் குரல் சுத்தமாக ஒலித்தது. முன் இருக்கையில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கண்டக்டர் முகம் சுளித்தார். "என்னங்க இது, எழவு வூடு மாதிரி? நம்ம வாத்து எங்க?"

"நான் பேசுனதுதானுங்க, என்ற குரலுங்க" என்றார் அக்கா. "இப்பக் கேட்டீங்கல்ல, இதுதானுங்க நெசமானது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அந்த வாத்து நீங்கதானுங்களா? எங்க, அதே மாதிரி ஒருக்காச் சொல்லிக் காட்டுங்க" என்றான் ஒருவன். ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் நிறுத்தம் வந்ததும், இறங்கப் போன அக்காவைக் கண்டக்டர் படியில் கையை நீட்டி மறித்தார். "சொல்லிட்டு எறங்குங்க."

நான் கூட்டத்தை விலக்கி வருவதற்குள், அக்கா தொண்டையை இறுக்கி, வாத்துக் குரலில் "சூரமங்கலம்" என்றார். கைதட்டினார்கள். கண்டக்டர் கையை எடுத்தார்.

மத்தியானத்துக்குள் பஸ்காரரின் புகார் வந்துவிட்டது. முதலாளி பின்னால் நின்று பார்க்க, அந்த வரியை என் கையாலேயே பழையபடி மாற்றினேன். அப்போது போன் அடித்தது. அக்கா எடுத்து, வழக்கமான "வணக்கமுங்க" கூடச் சொல்லாமல், ரிசீவரை என் பக்கம் நீட்டினார்.