ஊட்டிவிடாத வைத்தியம்

தேவதானத்தில் வெள்ளத்தாயைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் இரண்டு பேச்சு உண்டு. புருசனைப் பட்டினி போட்டவள் என்பது ஒன்று. மற்றதை நான் சொல்கிறேன். நான் அடுத்த வீட்டுக்காரி. சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். காதைப் பொத்திக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை.

வெள்ளத்தாய்க்குப் பேச்சு குறைவு, கை வேகம். புருசன் பால்ச்சாமி பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். வருசத்துக்கு ஒரு தடவை லீவில் வந்து போகிறவருக்கு வாக்கப்பட்டு, வயல், மாடு, மகள் நாச்சியாரின் கல்யாணப் பேச்சு என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாய்ப் பார்த்தாள். அவர் பென்சனோடு ஊருக்கு வந்ததும், "இனிமேயாவது செத்த நேரம் உக்காரணும்க்கா" என்று என்னிடம் சொன்னாள். எங்கே உட்கார விட்டது விதி! எண்பத்தாறு மாசியில் டீக்கடையில் கிளாஸைப் பிடித்தபடியே அவருக்கு வாய் கோணி, வலது பக்கம் விழுந்துவிட்டது.

ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ரத்தக் கொதிப்பு ஏறி வாதம் அடித்திருக்கிறது என்றார்கள். வீட்டுக்கு வந்தபோது காலை இழுத்து இழுத்து நடந்தார், பேச்சு குழறியது. வலது கை மட்டும் சும்மா தொங்கியது.

பிறகு ஊர் வைத்தியம் தொடங்கியது. பால்ச்சாமியின் அக்கா மாடத்தி பிள்ளையில்லாமல் தாலியறுத்தவள். தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். புறாவை அறுத்துச் சூட்டோடு சூடாக ரத்தத்தைக் கையில் தேய்த்தாள். எங்கள் தெருவில் ஒரு புறா மிஞ்சவில்லை. சாப்பாட்டு வேளையிலும் அவள்தான். இடது கையால் தின்பதை நம் ஆட்கள் செய்வார்களா? கரண்டியைக் கொடுத்தாலும் இடது கையில் வாங்க மாட்டேன் என்று பால்ச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா உருட்டி உருட்டி ஊட்டினாள். பார்க்கிறவர்களுக்குக் கண் நிறைந்துபோகும். எனக்கும்தான்.

கை அசையக் காணோம் என்று சித்திரையில் வெள்ளத்தாய் அவரை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, வைகுண்டராஜ் என்ற டாக்டரிடம் கூட்டிப்போனாள். துணைக்கு நானும் போனேன். டாக்டர் விரல் விரலாக மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"சாப்பாடு எப்படி?"

"அவிய அக்கா ஊட்டுதாக."

"அப்போ இந்தக் கைக்கு என்ன வேலை?"

வெள்ளத்தாய் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"விரல்ல லேசா உயிர் இருக்கும்மா. வேலை குடுத்தா வரும். முதல் ஆறு மாசத்துல வாரதுதான் பெரும்பாலும் வரும், பொறவு கஷ்டம். கொதிப்பு மாத்திரையை நிறுத்தாதீங்க. இனிமே யாரும் ஊட்டக் கூடாது. கையைப் பிடிச்சுத் தட்டுல வைங்க, வாய்க்குக் கொண்டு போக உதவி பண்ணுங்க. மிச்சத்தை அவர் செய்யணும்."

"ஊசி?"

"ஊசி கிடையாது. இதுதான் வைத்தியம்."

ஊசி போடாதவரை எங்கள் ஊரில் யார் டாக்டர் என்பார்கள்? திரும்பி வரும்போது எனக்கே சப்பென்று இருந்தது. வெள்ளத்தாய் மட்டும் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாளே தட்டு அவருக்கு வலது பக்கம் போனது. அவர் கையைத் தன் கைக்குள் வைத்துச் சோற்றை அள்ள வைத்தாள். பால்ச்சாமிக்கு வந்ததே கோபம்! தட்டைக் காலால் தள்ளினார். அவள் கூட்டி அள்ளிவிட்டு வேறு சோறு போட்டாள். குழறிய வாயில் "ராட்சசி" என்ற சொல் மட்டும் தெளிவாக வந்தது. "பேச்சாவது திருந்துதே" என்றாள் அவள்.

மாடத்தி தெருவில் நின்று கத்தினாள். "ஏட்டி! சோத்தைக் கண்ணுல காட்டி வேடிக்கையா பாக்கே? நாய்க்குக்கூட இப்படி வைக்க மாட்டாகளே!"

"டாக்டரு சொல்லியிருக்காக மதினி."

"எந்த டாக்டரு? ஊசி பிடிக்கத் தெரியாதவனா?"

வெள்ளத்தாய் கதவைச் சாத்தினாள். அதோடு ஊரே அவளைக் கரித்துக்கொட்டியது. குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் சுவரோரம் நின்று என்னிடம் அழுதாள். "எனக்கு மட்டும் கல்லு மனசா எக்கா? ஒரு உருண்டை ஊட்டிட்டா அவிய வயிறு நெறஞ்சிரும். கை போயிருமே."

ஆவணி பிறந்தது. டாக்டர் சொன்ன கெடு முடியப் போகிறது. விரல்கள் சோற்றைப் பிசைந்தன. ஆனால் அவள் தாங்கிப் பிடிக்காமல் கை வாய் வரைக்கும் ஏறவில்லை. அவளுக்குத் தூக்கமே இல்லை.

அன்றைக்கு நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்ச விடியுமுன்பே போனவள், என்னைக் காவலுக்கு வைத்திருந்தாள். மத்தியானம் புழக்கடை வழியாக மாடத்தி மீன்குழம்புச் சோற்றோடு வந்துவிட்டாள். தடுத்தேன். என்னையும் சேர்த்து ஏசினாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, முள்ளெடுத்து, உருட்டி வாய்க்கு நேரே நீட்டினாள்.

பால்ச்சாமி வாயைத் திறக்கவில்லை. வலது கை நடுங்கி நடுங்கி எழுந்தது. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தது. மெள்ள அதைத் தட்டுக்கே இறக்கியது. பிறகு அந்தக் கையே சோற்றை அள்ளியது. பாதி வேட்டியில் கொட்டியது, பாதி வாய்க்குப் போனது. யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை. அடுத்த பிடி. அடுத்த பிடி. அம்மாடி!

மாடத்தி தன் விரல்களில் ஒட்டியிருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளத்தாய் சகதிக் கையும் காலுமாக வந்து நின்றாள். "உம்புருசன் தன் கையால தின்னுட்டான்டி" என்றாள் மாடத்தி. வெள்ளத்தாய் அவர் விரலைப் பார்த்தாள், மீசையில் ஒட்டிய பருக்கையைப் பார்த்தாள், அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

மாடத்தி மிச்சச் சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எனக்கு இனிமே இங்க என்ன சோலி கெடக்கு? வாரேன்."

வெள்ளத்தாய் சகதி படாமல் முழங்கையால் அவளை மறித்தாள். "இருங்க மதினி. காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. ஒரு வாய் ஊட்டுங்க."

"கையைக் கழுவிட்டுத் திங்க வேண்டியதுதான?"

"கழுவ மாட்டேன்."

 மாடத்தி படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சட்டியை மடியில் வைத்தாள். "வாயைத் தொறடி, மூதேவி" என்று முதல் உருண்டையை ஊட்டினாள்.