"இன்னொரு தடவை" என்று சொன்ன டாக்டர்

இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. தைப்பூசம் முடிந்த மறு வாரம், மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனை. நாங்கள் இருப்பது தம்போயில். தூரம் அதிகமில்லை. ஆனாலும் அறுவை சிகிச்சைக்காக அன்று காலை என் கணவரோடு காரில் போனபோது வழி நீண்டுகொண்டே போனது. அவர் சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். வானொலியைப் போட்டார், பிறகு அவரே அணைத்துவிட்டார்.

சின்ன வயதிலிருந்தே நான் இடது பக்கம் சாய்ந்துதான் நடப்பேன். பொந்தியானில் படிக்கும்போது கூடப் படித்த பிள்ளைகள் "வாத்து" என்று கூப்பிடுவார்கள். வலி எதுவும் இல்லாததால் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் நடையே அப்படி என்று நானும் இருந்துவிட்டேன். முப்பத்தைந்துக்கு மேல் தொடை இடுக்கில் வலிக்க ஆரம்பித்தது. நாற்பத்து மூன்றில், காரிலிருந்து இறங்க வேண்டுமென்றால் இடது காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைக்க வேண்டிய நிலை. எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. சரக்கு வெளியே போவதற்கு முன் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் பிரிவு. நாள் முழுக்க நிற்க வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு நின்றேன். ஒரு கட்டத்தில் மாத்திரையும் கேட்கவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தபோதுதான், என் கணவர் பிடிவாதமாக எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனார்.

படத்தைப் பார்த்த எலும்பு டாக்டருக்கு என்னைவிட வயது குறைவு. நம்மவர்தான். மேசையில் இருந்த பிளாஸ்டிக் எலும்பைக் கையில் எடுத்தார். இடுப்பெலும்பில் கிண்ணம் மாதிரி ஒரு குழி இருக்கும், தொடையெலும்பின் உருண்டை அதற்குள் உட்கார்ந்து சுழலும் என்று காட்டினார்.

"உங்களுக்குப் பொறந்ததிலேர்ந்தே அந்தக் கிண்ணத்துக்கு ஆழம் இல்லக்கா. தட்டு மாதிரி இருக்கு. உருண்டை பாதி வெளியிலதான் உட்கார்ந்திருக்கு. இத்தனை வருஷம் தேஞ்சு தேஞ்சு, இப்ப எலும்பும் எலும்பும் உரசுது."

மூட்டை மாற்றுவதுதான் வழி என்றார். குழி இப்படி இருப்பவர்களுக்குச் செயற்கைக் கிண்ணத்தைச் சரியான இடத்தில், சரியான சாய்வில் பொருத்துவது சிரமம், அதனால் ரோபோ கையின் உதவியோடு செய்யலாம் என்றும் சொன்னார்.

ரோபோ என்றதும் எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"எங்க லைன்லயும் ஒண்ணு இருக்கு டாக்டர். ஒரு நாள் சாமான் எடுக்க வேண்டிய தட்டை விட்டுட்டு மேசையில போயி இடிச்சுச்சு. அதையா என் எலும்புல விடப் போறீங்க? வேணாம் லா!"

என் கணவர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நல்ல வேளை, வலது கால்.

டாக்டர் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அது ஏன் இடித்தது, காரணம் கண்டுபிடித்தார்களா என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தட்டு கொஞ்சம் நகர்ந்திருந்தது, அது மெஷினுக்குத் தெரியவில்லை என்றேன்.

"இங்கயும் அதான் முக்கியம்," என்றார். "இது தானா வெட்டாதுக்கா. பிடிச்சு வேலை செய்யறது என் கை. ஸ்கேன் எடுத்து, எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வுன்னு முன்னாலயே திட்டம் போட்டுருவோம். அதைத் தாண்டி என் கை போனா, அது விடாது. ஆனா உங்க எலும்பு எங்க இருக்குன்னு நான்தான் அதுக்குக் காட்டிக் கொடுக்கணும். நான் தப்பாக் காட்டினா, அதுவும் தப்பாத்தான் போகும்."

இடது கால் கொஞ்சம் குட்டையாக இருக்கிறது, இரண்டு காலும் நீளத்தில் துளிகூட வித்தியாசம் இல்லாமல் வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். குட்டையான காலை அளவுக்கு மீறி இழுத்தால் நரம்பு தாங்காது, பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். பயந்து போயிருக்கும் ஒருத்தியிடம் எங்கெல்லாம் தவறலாம் என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறாரே என்று முதலில் திகைப்பாக இருந்தது. யோசிக்க யோசிக்க, இவர் கையால்தான் அறுவை செய்துகொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அறுவை அன்று முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆனது. லேசாகத் தூங்கவும் மருந்து கொடுத்தார்கள். ஆனால் நடுவில் விழிப்பு வந்துவிட்டது. வலி இல்லை. மார்புக்கு முன்னால் பச்சைத் திரை. தலைமாட்டில் ஒரு மலாய் தாதி என் தோளில் கை வைத்தபடி நின்றார். திரைக்கு அந்தப் பக்கம் "பீப், பீப்" என்று மெல்லிய சத்தம். என்ன என்று மலாயில் கேட்டேன். டாக்டர் எலும்பில் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் கம்ப்யூட்டருக்குக் காட்டுகிறார், ஸ்கேனில் இருப்பதும் இதுவும் ஒத்துப்போக வேண்டும் என்று தாதி குனிந்து சொன்னார்.

சத்தம் நின்றது. டாக்டர் குரல் கேட்டது: "செகாலி லாகி." இன்னொரு தடவை என்று அர்த்தம்.

மறுபடியும் பீப், பீப். இந்த முறை யாரோ ஆங்கிலத்தில், அளவுக்குள் வந்துவிட்டது, தொடரலாம் என்றார்கள். பிறகு டாக்டர் நிதானமாகச் சொன்னார். மெஷின் சரி என்கிறது, எனக்குத்தான் சரியாகப் படவில்லை, கம்ப்யூட்டர் இடம் தெரிந்துகொள்ள எலும்பில் பொருத்திய உலோகப் பின்னைப் பார்க்கிறேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆடுகிறது" என்றார். மயிரிழைதான் ஆடியிருக்கும். அதை இறுக்கிவிட்டு, "செகாலி லாகி" என்றார்.

மூன்றாவது முறை முதலிலிருந்து எல்லா இடத்தையும் தொட்டார். அவர் குரலில் சலிப்பும் இல்லை, அவசரமும் இல்லை.

அந்த மேசையில் படுத்துக்கொண்டு நான் கண்ணீர் விட்டேன். பயத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் தாதி துடைத்துவிட்டார். காரணம் வேறு. அதற்கு முந்தைய வருடம் ஒரு நாள், ஷிப்ட் முடியும் நேரம், வெளியே லாரி காத்திருந்தது. ஒரு தொகுதிச் சரக்கை இரண்டாம் முறை சோதிக்காமலே நான் கையெழுத்துப் போட்டேன். அது முழுவதும் பழுது என்று திரும்பி வந்தது. முந்தைய ஷிப்டில் ஏதோ குளறுபடி என்று எல்லோரும் பேசிக்கொண்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. என்னைப் போல ஓர் ஆள் அந்தத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தால் என் கதி என்ன?

பிறகு தூங்கிவிட்டேன். சாயங்காலம் டாக்டர் வந்ததும் முதலில் கேட்டது வலியைப் பற்றி அல்ல. "பாதத்தை மேல தூக்குங்கக்கா." தூக்கினேன். அவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

மறுநாள் பயிற்சி கொடுக்க வந்த சீனப் பெண், தள்ளுவண்டி மாதிரி ஒரு சட்டத்தைப் பிடித்து நிற்க வைத்தாள். இரண்டு குதிகாலும் ஒரே நேரத்தில் தரையில் பட்டன. அப்படி ஓர் உணர்வு எனக்கு அதுவரை வந்ததே இல்லை. தரைதான் சாய்ந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன்! "அலாமாக், நீ நேரா நிக்கிற!" என்றார் என் கணவர்.

உடனே ஓடிவிடவில்லை. வலி இருந்தது, எரிச்சல் இருந்தது. சாய்ந்து நடந்த பழக்கத்தை உடம்பு லேசில் விடவில்லை. நேராக நடக்கவே மூன்று மாதம் ஆனது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், மேனேஜர் அறைக்குப் போய் அந்தப் பழைய சரக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். மனசு லேசாக இருந்தது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது, அன்று மெஷின் சரி என்ற பிறகும் மூன்றாவது தடவை பார்த்தீர்களே, அதற்கு நன்றி என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"அப்படியாக்கா நடந்துச்சு? பின் ஆடினா திரும்பப் பார்ப்போம். அது எப்பவும் செய்யறதுதானே."

உண்மையிலேயே அவருக்கு ஞாபகமில்லை. அடுத்த நோயாளியை அழைக்கச் சொல்லிவிட்டு, கதவு வரைக்கும் என் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மறந்தே போன அந்தச் சில நிமிடங்களின் மேல்தான் நான் தினமும் காலையில் எழுந்து நிற்கிறேன்.