அருவிக்காரனுக்கு ஒரு வேட்டி

ஐம்பதைத் தாண்டிய ஒருவன், உடுதுணி இல்லாத ஓர் ஆணின் படத்தைச் சுருட்டிக் கைக்குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு மெத்ரோவில் போனான் என்றால் அவனைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? தாராளமாக நினையுங்கள். அது நான்தான்.

மழைக்கு ஒதுங்கத்தான் அந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். சுவீடன் ஓவியங்களை இரவல் வாங்கி மாட்டியிருந்தார்கள். அவற்றில் ஒன்றில், கொட்டுகிற அருவிக்கு நடுவே வெற்றுடம்போடு ஓர் இளைஞன் உட்கார்ந்து பொன்னிற வயலின் வாசித்துக்கொண்டிருந்தான். அந்நாட்டுக் கதைகளில் வரும் நீர்ப்பேயாம். அவன் வாசிப்பைக் கேட்டவர்கள் ஆற்றில் இறங்கிவிடுவார்களாம். அவனுக்கோ கடைசிவரை மோட்சம் இல்லையாம். பக்கத்துக் குறிப்பு சொன்னது இவ்வளவுதான். மிச்சத்தை அந்த முகம் சொன்னது. பேயை வரைகிறவர்கள் நம்மைப் பயமுறுத்தத்தான் பார்ப்பார்கள். இந்த ஓவியர் பேய்க்காக நம்மைப் பதற வைத்திருந்தார். அந்தத் தண்ணீர், கிட்டப் போனால் வெறும் பச்சைச் சாயமும் வெள்ளைச் சாயமும். கொஞ்சம் பின்வாங்கினால் இரைச்சலே கேட்கிறது. நான் முன்னும் பின்னுமாக நடந்த நடையில் காவலாளி கதிரையை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

அச்சுப்படம் ஒன்றை வாங்கித் திரான்சியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்தேன். மனைவி பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, ஞாயிற்றுக்கிழமை அக்கா குடும்பம் வருது. உந்தக் கோலத்திலை ஒருத்தன் சுவரிலை இருந்தா நான் எங்கை முகத்தை வைக்கிறது?”

“இது கலை.”

“கலையெண்டால் படுக்கை அறையிலை கொழுவுங்கோ.” ஒரு கணம் யோசித்தாள். “வேண்டாம், அங்கையும் வேண்டாம்.”

நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒரு தவணை கிடைத்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவர வேண்டும். அப்போது பார்த்துச் சொல்வாள். பிடிக்காவிட்டால் அவன் கட்டடத்தின் நிலவறைக்குப் போய்ப் பழைய சைக்கிளோடு வாழவேண்டியதுதான்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் சாமிப் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை ஒன்று உண்டு. கடைக்காரர் படத்தை மேசையில் விரித்தார்.

“அண்ணை, ஆர் இது?”

எனக்குப் பின்னால் லட்சுமி படத்தோடு இரண்டு பெண்கள் நின்றார்கள். நீர்ப்பேய் என்று சொல்லத் துணிவில்லை. “தண்ணிக்கை இருக்கிற... ஒரு தெய்வம் மாதிரி” என்றேன்.

“ஓமோம், கந்தர்வர். விட்டிட்டுப் போங்கோ, வடிவாச் செய்து தாறன்.”

அந்தக் கடையில் சாமிப் படங்களை அப்படியே கண்ணாடிக்குள் போடுவதில்லை. பட்டுத் துண்டால் சேலை உடுத்தி, சரிகை ஒட்டித்தான் சட்டம் போடுவார்கள். எனக்குத் தெரிந்த வழக்கம்தான். பெரிய படிப்பாளி என்று பெயர் வாங்கிய மூளைக்கு அன்றைக்கு அது எட்டவில்லை.

சனிக்கிழமை போனபோது கண்ணாடிக்குள் அருவிக்காரன் சரிகைக் கரை போட்ட பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தான்.

“என்னப்பா இது?”

“வெறும்மேலோடை விடேலுமோ அண்ணை? பசை போட்டு ஒட்டினது, இனிக் கழராது” என்றார் பெருமையாக. “பொட்டும் வைக்கத்தான் பாத்தனான். ஆள் அழுறமாதிரி இருக்கு. கை வரேல்லை.”

கோபப்படத் தயாராகத்தான் வாயைத் திறந்தேன். அந்தக் கடைசி வார்த்தையில் கோபம் கரைந்துவிட்டது. எத்தனையோ தெய்வங்களுக்குப் பொட்டு வைத்த கை, ஒரு பேயின் முகத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. இதைவிடப் பெரிய பாராட்டை எந்த விமர்சகர் அந்த ஓவியருக்குக் கொடுத்திருப்பார்? உற்றுப் பார்த்தேன். வேட்டியின் மடிப்புகள் தண்ணீர் ஓடும் பக்கமாகவே ஓடின. அதற்கு மேலே, எந்தப் பட்டாலும் மூடமுடியாதபடி, அவன் வாசித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து சுவரில் கொழுவிவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன். அவன் கிடைக்காத மோட்சத்துக்காக வாசிப்பதையும், அந்த முகத்தையும், தண்ணீரில் கேட்கும் இரைச்சலையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போய் நெடுநேரம் பார்த்தாள்.

“சரி, இருக்கட்டும்” என்றாள். “வேட்டிக் கரை எங்கடை யன்னல் சீலையோடை நல்லாப் பொருந்துது.”