ஒரு சட்டைக்கு அறுபத்தைந்து கிலோமீட்டர்

"பஸ் ஸ்டாண்டா? மூணு சட்டை தூரம்" என்று வழி சொல்கிறார் இஸ்திரிக்காரர். கேட்டவர் திருதிருவென்று விழிக்கிறார். இவர் கைக்கு ஒரு சட்டை ஐந்து நிமிடம். முன்னே பின்னே ஆகாது. கடைச் சுவரில் கடிகாரம் நின்று வருஷக்கணக்காகிறது. அதனால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

எதிரில் நிற்பவரின் காலர் மடங்கியிருந்தால் இவருக்குப் பேச்சு ஓடாது. கை தானாக நீண்டு சரிசெய்துவிடும். ஆனால் ஊர் சட்டையெல்லாம் தேய்ப்பவரின் சட்டை மட்டும் கசங்கியே கிடக்கும். அதைத் தேய்ப்பது மனைவியின் வேலை. நர்ஸ் வேலைக்காக அவர் தூரதேசம் போய் மூன்று வருஷம். அன்றிலிருந்து இவர் சட்டை இஸ்திரிப்பெட்டியைப் பார்த்ததில்லை.

அந்த அம்மாள் இன்று வருகிறார். ஏழாயிரத்து நானூற்றுப் பத்து கிலோமீட்டர், ஒன்பதரை மணி நேரம் என்று மருந்துக்கடைக்காரர் போனில் பார்த்துச் சொன்னார். இவர் துணி மூட்டையின் மேல் சாக்கட்டியால் வகுத்துப் பார்த்தார். நூற்றுப் பதினாலு சட்டை. சட்டைக்கு அறுபத்தைந்து கிலோமீட்டர்.

காலை ஏழு மணிக்கு விமானம் கிளம்பியதும் முதல் சட்டையை விரித்தவர்தான். கால் தரையில் பாவவில்லை. ஒரு காலர் முடிந்தால் பத்து கிலோமீட்டர் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். விமான நிலையத்துக்கு மச்சானை அனுப்பிவிட்டார். தானே போயிருக்கலாமே என்று மருந்துக்கடைக்காரர் கேட்டதற்கு, "அங்க போய் நான் கையக் கட்டிட்டு நின்னா, இங்க யாரு ப்ளேனைத் தள்ளுறது?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் மத்தியானம் சாப்பிட உட்காரவில்லை. அவள் நடுக்கடலில் நிற்பாளே என்று மனசு கேட்கவில்லை.

மூன்று மணிக்கு எதிர்வீட்டுப் பல் டாக்டர் வந்து தன் சட்டையைக் கேட்டார், அவசரமாம். அது கடைசிச் சட்டை, நாலரைக்குத்தான் கிடைக்கும் என்றார் இவர். டாக்டர் கேட்பாரா? பல்லைப் பிடுங்குகிற மாதிரி மூட்டையின் அடியிலிருந்து ஒரே இழுப்பு. கசங்கலோடு மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

"டாக்டரே, அதுல அறுபத்தஞ்சு கிலோமீட்டர் இருக்கு!"

நாலு இருபத்தைந்துக்கு நூற்றுப் பதின்மூன்று சட்டையும் முடிந்தது. மூட்டை காலி. மேஜைக்கடியில் குனிந்து பார்த்தார். ஒரு கைக்குட்டைகூட இல்லை. பெட்டி சூடாக இருக்கிறது. மூன்று வருஷமாகக் காத்திருந்தவருக்கு இந்த ஐந்து நிமிடம் தாங்கவில்லை. வாசலுக்கு வந்து அண்ணாந்து, வானத்தில் இருக்கும் மனைவியிடம் சொன்னார்.

"இந்தா வந்துட்டே. கொஞ்சம் பொறு."

உள்ளே திரும்பியவர், தன் சட்டையைக் கழற்றி, நடுக்கடையில் பனியனோடு நின்று, அதை மேஜையில் விரித்தார். தண்ணீர் தெளித்துக் காலரில் பெட்டியை வைத்தார்.