ஐந்தாம் காம்பிரா

எனக்குச் சதுரங்கம் ஆடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரத்தினபுரியில் நான் பட்ட அவமானத்துக்கும், கொஞ்ச நேரத்தில் அதை வட்டியோடு திருப்பிக் கொடுத்ததற்கும் அதுதான் காரணம்.

அப்போது றக்வானைப் பக்கம் ஒரு தோட்டத்தின் தச்சுப் பட்டறையில் அன்றாடக் கூலிக்குக் கைக்காசு வேலை. நாள் பூராவும் மண்வெட்டிக்கும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் பிடி போடுவேன். மாவட்டக் கைப்பணிக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினால் கொழும்பில் ஒரு வருஷம் மரச்சிற்பப் பயிற்சி என்று பேப்பரில் பார்த்தேன். பிடி போடும் பிழைப்பிலிருந்து தப்ப இதை விட்டால் வேறு வழியில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தலைப்பு, 'நகரம்: அன்றும் இன்றும்'.

நகரத்தை நான் பார்த்தது ஒரே ஒரு நாள். அடையாள அட்டை இல்லாமல் கொழும்புக்குப் போய் மாட்டிக்கொண்டேன். சோதனைச் சாவடி வாங்குப் பலகையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார வைத்துவிட்டார்கள். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், நான் கட்டடங்களைப் பார்த்தேன். ஒரு பக்கம் வெள்ளைக்காரன் காலத்து மணிக்கூண்டும் தூண் வைத்த மாளிகைகளும். மறுபக்கம் புதிதாக எழும்பிய இரட்டைக் கோபுரமும் கண்ணாடிச் சுவர்களும். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எல்லாவற்றையும் கிறுக்கிக்கொண்டேன்.

தோட்ட ஆபீஸ் கிளாக்கர்மாரின் கிளப்பில் ஜன்னல் பலகை மாற்றப் போன அன்று, மேசையில் சதுரங்கக் காய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். பொறி தட்டியது. பழைய கொழும்பைக் கறுத்த கித்துள் மரத்திலும், புதுக் கொழும்பை வெளுத்த ரப்பர் மரத்திலும் செதுக்க ஆரம்பித்தேன். மணிக்கூண்டு ஒரு ராஜா, இரட்டைக் கோபுரம் மற்ற ராஜா. குதிரைக்குத்தான் கட்டடம் கிடைக்காமல் திண்டாடினேன். கடைசியில் கழுத்தை நீட்டி நிற்கும் கிரேன் கைகொடுத்தது. முன்வரிசையில் ஒரே மாதிரி எட்டுக் காய். அதற்கு நான் யோசிக்கவே இல்லை. தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் எட்டு அறை வரிசை வீடு, எட்டுக் காம்பிரா லயம்! ஒரே பலகையில், ஒரே தகரக் கூரையின் கீழ், எட்டுக் குடும்பத்துக்கு எட்டுக் கதவு. லயக் காம்பிரா தனியாக நிற்பதை யார் கண்டது?

பெரிய கிளாக்கர் பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டு, "கொழும்புல ஏதுடா லயம்?" என்று சிரித்தார். அதோடு போய்விட்டார். தினமும் ஆடுகிற மனுசன், மீதியையும் சொல்லியிருக்கலாம்.

இரத்தினபுரிக் கண்காட்சியில் நடுவர் ஒரு சிங்களப் பெண்மணி. ஒவ்வொரு காயையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது. ஆடிப் பார்ப்போமே என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, வெள்ளைப் பக்கத்தின் முன்வரிசையில் ஒரு கதவைப் பிடித்துத் தூக்கினார். லயம் முழுவதும் கூடவே வந்தது.

மண்டபமே கொல்லென்று சிரித்தது. தோட்ட லொறியில் வந்திருந்த பெரிய கிளாக்கரின் சிரிப்புத் தனியாகக் கேட்டது.

"இவை ஒவ்வொன்றாக நகர வேண்டும், மல்லி. ஆட முடியாததற்கு எப்படிப் பரிசு கொடுப்பது?" என்றார் நடுவர் சிங்களத்தில்; மல்லி என்றால் தம்பி. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கோபம் வந்தால் என் கை நடுங்காது, அது ஒன்றுதான் என்னிடமுள்ள நல்ல குணம். "பொட்டக் இன்ன, நோனா" என்று அந்த அம்மாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பையிலிருந்த சின்ன ரம்பத்தை எடுத்தேன். ஒரு லயத்துக்கு ஏழு வெட்டு, இரண்டுக்கும் பதினாலு. நடுச்சுவரைச் சரிபாதியாகப் பிளக்க வேண்டும். மூன்றாவது வெட்டில் சிரிப்பு நின்றது. கடைசி வெட்டில் எல்லாரும் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள்.

"கொழும்புக் கட்டடங்களுக்கு நடுவில் லயம் எதற்கு?" என்று கேட்டார் நடுவர்.

"தேயிலையும் ரப்பரும் இல்லாட்டி அந்தக் கட்டடம் ஒன்னுகூட எழும்பியிருக்காது, நோனா. அதான் எங்கள முன்னுக்கு வச்சேன்" என்றேன், அவருடைய பாஷையிலேயே. பெரிய கிளாக்கர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவர் தலையாட்டினார். இரட்டைக் கோபுரத்துக்கு நேர் முன்னால் நின்ற காம்பிராவைத் தூக்கி, இரண்டு கட்டம் தள்ளி வைத்தார். இடமிருந்து ஐந்தாவது. எங்கள் லயத்தில் அம்மாவும் நாங்கள் நாலு பிள்ளைகளும் நெருக்கியடித்துப் படுப்பது அதே ஐந்தாவதில்தான்.

"அது எங்க வீடு!" என்று தமிழில் கத்திவிட்டேன். சிங்களமெல்லாம் மறந்துபோயிற்று.

சாயங்காலம் பெரிய கிளாக்கர் கை கொடுத்தார். நானும் கொடுத்தேன், கொஞ்சம் இறுக்கமாகவே. நடுவர் முதல் பரிசு அட்டையைக் கொண்டுவந்து, பலகையின் நடுவில் தனியாக நின்ற எங்கள் வீட்டின்மேல் சாய்த்து வைத்தார்.